ஆலை ஓடத் தொடங்குமுன் கிணற்று நீரைப் பதிவு செய்வது எப்படி?

கேள்வி:
விவசாயக் கிணறுகளுக்கு நடுவே வெளிநாட்டு நிறுவனம் ஆலை கட்டுகிறது. உற்பத்திக்கு ஓராண்டு இருக்கிறது. பின்னால் தண்ணீர் கெட்டால் 'முன்பும் இப்படித்தான் இருந்தது' என்று கைவிரிக்காதபடி இப்போதே எதையெல்லாம் அளந்து வைக்க வேண்டும்? உள்ளூர் நிர்வாகம் அசையாவிட்டால் யாரிடம் போவது?

பதில் 1:
ஓராண்டு கிடைப்பதே அபூர்வம், ஒரு மாதத்தையும் விடாதீர்கள். அளப்பதற்கு ஆலைக்குக் கீழ்ச்சரிவில் நான்கைந்து கிணறு, மேட்டுப்பக்கம் நன்றாகத் தள்ளி இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு இல்லாவிட்டால் நீர்மட்டம் இறங்கியது மழை பொய்த்ததாலா, ஆலை உறிஞ்சியதாலா என்று பிரிக்கவே முடியாது. இரவு முழுக்க மோட்டார் ஓய்ந்தபின் விடியற்காலையில் அளக்க வேண்டும். அளவு நாடாவின் கடைசி ஒரு மீட்டரில் சாக்பீஸ் தேய்த்து இறக்குங்கள். கிணற்று விளிம்பில் நாடா காட்டுவது 15.00 மீட்டர், சாக்பீஸ் நனைந்த பகுதி 0.35 என்றால் நீர்மட்டம் விளிம்பிலிருந்து 14.65 மீட்டர் கீழே. விளிம்பில் பெயின்ட் குறி போட்டு எப்போதும் அங்கிருந்தே அளக்கவும். மழையளவும் அதே நோட்டில் இருக்கட்டும்.

பதில் 2:
டிடிஎஸ் மீட்டரை மட்டும் நம்பி ஏமாறாதீர்கள். அது நீரில் கரைந்த மொத்த உப்பைத்தான் காட்டும். குடிநீரில் குரோமியம் என்ற உலோகத்துக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், அதைப்போல் இரண்டு மடங்கு கலந்தாலும் மீட்டரில் தெரியாது. ஆலை என்ன ரசாயனம் பயன்படுத்தப் போகிறது என்று சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையில் பார்த்து, அதற்கேற்ற சோதனையைக் கேளுங்கள்.

மோட்டாரைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டுப் பிடியுங்கள். குழாயில் தேங்கிய நீர் துருவைத்தான் காட்டும். உலோகச் சோதனைக்கு ஆய்வகமே நைட்ரிக் அமிலம் விட்ட பிளாஸ்டிக் பாட்டில் தரும், அதைக் கழுவிவிடாதீர்கள். அமிலம் இல்லாவிட்டால் உலோகம் பாட்டில் சுவரில் படிந்து, முடிவு குறைத்து வரும். எண்ணெய்ச் சோதனைக்குக் கண்ணாடி பாட்டில். நிறுவன ஆளையும் கூப்பிட்டு, ஒரே நீரை இரண்டு பாட்டிலில் பிடித்து, சீல் வைத்து இரு தரப்பும் கையெழுத்திட்டால் பின்னால் மறுக்க முடியாது.

பதில் 3:
இரண்டாவது கேள்விக்கு: தாய் நிறுவனம் எந்த நாடு, கடன் கொடுத்தது யார் என்று முதலில் பாருங்கள். பன்னாட்டு நிறுவனங்களுக்கான ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு) வழிகாட்டுதல்களை ஏற்ற நாடுகளில், அவற்றை மீறும் நிறுவனங்கள் மீதான புகாரைக் கேட்கும் தேசியத் தொடர்பு மையம் உண்டு. ஆலை இருக்கும் நாட்டில் அது இல்லையென்றால் தாய் நிறுவன நாட்டில் புகார் கொடுக்கலாம், வக்கீல் கட்டாயமில்லை. சமரசம் பேச வைக்கும், ஆனால் நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் அதற்கில்லை. தனியார் நிறுவனங்களுக்குக் கடன் கொடுக்கும் உலக வங்கிக் குழும அமைப்பான ஐஎஃப்சியின் கடன் இருந்தால் அதன் குறைதீர்ப்பு அமைப்பான சிஏஓ-விடமும் போகலாம். கடன் நடப்பில் இருக்கும்போதே போய்விடுங்கள். தாய் நிறுவனத்தின் ஆண்டறிக்கைகளை இன்றே இறக்கி வையுங்கள். பங்குகள் கைமாறிவிட்டால், ஆலை கட்டியபோது உரிமையாளர் யார் என்று காட்ட அவைதான் கைகொடுக்கும்.