மாதம் 1,500 ரூபாய்க்குள் அலுவலக உடையும் முகப் பராமரிப்பும்: எதற்கு முதலிடம் தருவது?

கொங்குத்தோழி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நான் பொள்ளாச்சியை அடுத்த ஒரு கிராமத்தைச் சேர்ந்தவள். படிப்பை முடித்துவிட்டுக் கோயம்புத்தூரில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் சேர்ந்திருக்கிறேன். விடுதிக் கட்டணம், பேருந்துச் செலவு, வீட்டுக்கு அனுப்பும் தொகை ஆகியவை போக, உடைக்கும் அழகுப் பொருள்களுக்கும் சேர்த்து மாதம் 1,500 ரூபாய்க்கு மேல் என்னால் ஒதுக்க இயலாது. வாரத்தில் ஆறு நாள் வேலை. சீருடை கிடையாது என்றாலும், வாடிக்கையாளர்கள் வந்துபோகும் இடம் என்பதால் உடை நேர்த்தியாக இருக்க வேண்டும் என்று மேலாளர் எதிர்பார்க்கிறார்.

என்னிடம் இருப்பவை கல்லூரிக் காலத்துக் குர்த்திகளும் லெக்கின்ஸுகளும்தான். கிராஸ்கட் ரோட்டில் 300 ரூபாய்க்குக் கிடைக்கும் குர்த்திகளை வாங்கினால், சில சலவைகளிலேயே சாயம் வெளுத்து, பக்கத் தையல் முன்பக்கம் திரும்பிக்கொள்கிறது.

இன்னொன்றையும் கேட்க விரும்புகிறேன். வெயிலில் பேருந்துக்குக் காத்திருப்பதால் முகம் கறுத்துப் பருக்களும் வந்தன. விடுதித் தோழி ஒருத்தி மருந்துக் கடையிலிருந்து வாங்கித் தந்த ஒரு கிரீமைச் சில மாதங்களாக இரவில் பூசிவருகிறேன். தொடக்கத்தில் முகம் பளிச்சென்று மாறியது. ஆனால் ஊருக்குச் சென்றிருக்கும் நாள்களில் பூசாமல் விட்டால், கன்னங்கள் சிவந்து எரிகின்றன. பருக்களும் முன்பைவிட அதிகமாகக் கிளம்புகின்றன. இதைத் தொடரலாமா, அல்லது இணையத்தில் எல்லோரும் பரிந்துரைக்கும் விலை உயர்ந்த சீரம்களுக்கு மாறலாமா? இருக்கும் பணத்தை எதில் முதலில் செலவிடுவது நல்லது?

நூலும்ஊசியும்:

தங்கைக்கு வணக்கம். நான் தையற்கடை நடத்துபவள் என்பதால் உடையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். முகத்தைப் பற்றி அறிந்தவர்கள் சொல்லட்டும்.

மாதந்தோறும் ஒரு மலிவான குர்த்தி என்று வாங்குவதை முதலில் நிறுத்துங்கள். மூன்று மாதத் தொகையைச் சேர்த்துவைத்து ஒரே முறையில் திட்டமிட்டு எடுத்தால்தான் ஒன்றோடொன்று பொருந்தும் உடைகள் அமையும். கறுப்பு, சந்தனம், அடர்நீலம் ஆகிய நிறங்களில் மூன்று பருத்திப் பேன்ட்டுகள் இருந்தால், ஐந்து மேல்சட்டைகளை மாற்றி மாற்றி அணிந்தே இரண்டு வாரத்துக்கு மேல் ஒரே மாதிரி தோன்றாமல் சமாளிக்கலாம். லெக்கின்ஸைவிட நேரான பேன்ட் அலுவலகத்துக்குப் பொருத்தமாகவும் இருக்கும், நம் ஊர் வெயிலுக்குக் காற்றோட்டமாகவும் இருக்கும்.

பக்கத் தையல் திரும்பிக்கொள்வதற்குக் காரணம் சலவை அன்று. துணியை மிச்சம் பிடிப்பதற்காக நூலோட்டத்துக்கு, அதாவது துணியில் நூல்கள் ஓடும் திசைக்கு, நேராக வைக்காமல் வெட்டிவிடுகிறார்கள். அப்படி வெட்டிய உடை கடையில் நேராகத் தொங்கும், தண்ணீர் பட்டதும் முறுக்கிக்கொள்ளும். வாங்கும் முன் குர்த்தியை நீளவாக்கில் இரண்டாக மடித்து, இரு பக்கத் தையல்களும் ஒன்றின்மேல் ஒன்று படிகின்றனவா என்று பாருங்கள். உள்பக்கத்தில் ஓரங்கள் பிரியாதபடி ஓவர்லாக் தையல் அடித்திருக்கிறார்களா, இடுப்புப் பக்கம் பிரித்துவிடக் கொஞ்சமேனும் துணி விட்டிருக்கிறார்களா என்பதையும் கவனியுங்கள். 'பருத்தி' என்று சொல்லி விற்பதெல்லாம் பருத்தி ஆகிவிடாது. ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி வீட்டில் எரித்துப் பார்த்தால், பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணிபோலத் திரளும். ரேயானும் பருத்தியைப் போலவே எரியும் என்பதால், அதை நனைத்துப் பார்த்துத்தான் அறிய வேண்டும். ஈரத்தில் அது வலுவிழந்து தொய்ந்துவிடும்.

துணியாக வாங்கித் தைப்பதென்றால், 44 அங்குல அகலத் துணியில் முழங்காலளவு குர்த்திக்கு இரண்டரை மீட்டர் போதும். வெட்டும் முன் ஓரிரவு தண்ணீரில் ஊறவைத்து நிழலில் உலர்த்துங்கள். சுருங்குவதெல்லாம் அப்போதே சுருங்கிவிடட்டும். தைத்தபின் சுருங்கினால் சரிசெய்ய வழியில்லை. 1935-இல் தொடங்கப்பட்ட நம் கோ-ஆப்டெக்ஸ் நிலையங்களில் தீபாவளியை ஒட்டித் தள்ளுபடி தருவார்கள். மாதந்தோறும் ஒரு தொகை கட்டி முடிவில் துணி எடுத்துக்கொள்ளும் சேமிப்புத் திட்டமும் அங்கே உண்டு. உங்களைப்போல் சிறு தொகையாக ஒதுக்குபவர்களுக்கு அது மிகவும் ஏற்றது. பனியன் துணி உடைகளுக்கும் உள்ளாடைகளுக்கும் திருப்பூர் காதர்பேட்டைக்கு ஒருமுறை சென்றுவாருங்கள். ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்கு நல்ல தரத்தில் மலிவாகக் கிடைக்கும். துளையோ கறையோ இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து எடுப்பது உங்கள் பொறுப்பு.

பொள்ளாச்சிப் பக்கம் என்கிறீர்கள். வீட்டில் அம்மாவோ பாட்டியோ கட்டாமல் வைத்திருக்கும் நெகமம் பருத்திச் சேலை ஒன்றாவது இருக்கும். அவர்களிடம் கேட்டு வாங்கி, நைந்துபோன பகுதியைத் தவிர்த்துவிட்டுத் தைத்தால் இரண்டு குர்த்திகள் கிடைக்கும். அந்தக் கட்டமும் கரையும் கடையில் தேடினாலும் கிடைக்காது. கூலி மட்டுமே செலவு.

மருந்தாளுநர்_கோவை:

சகோதரி, உடையைப் பற்றிய ஆலோசனையைவிட உங்கள் கிரீமைப் பற்றி உடனே எழுத வேண்டும் என்று தோன்றியது. நீங்கள் விவரிக்கும் அறிகுறிகள் ஸ்டீராய்டு (வீக்கத்தை அடக்கும் மருந்து) கலந்த கிரீமை நெடுநாள் முகத்தில் பூசியவர்களிடம் காணப்படுபவை. டியூபில் உள்ள உட்பொருள்களின் பெயரைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபிட்டசால் ஆகியவற்றில் ஒன்று இருந்தால், அது அழகுப் பொருள் அன்று, மருந்து. மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத அட்டவணையில் வருவது. தோலின் இரத்த நுண்குழாய்களை அது சுருக்குவதாலும் வீக்கத்தை அடக்குவதாலும் முகம் சில நாள்களிலேயே வெளுத்துத் தெளிந்ததுபோல் தோன்றும். தொடர்ந்து பூசப் பூசத் தோல் மெலிந்து, இரத்தக் குழாய்கள் வெளியே தெரியத் தொடங்கும். சிலருக்கு முகத்தில் முடியும் வளரும். விட்டால் சிவந்து எரிகிறது என்பதால் மீண்டும் பூசுவார்கள். அந்தச் சுழலில்தான் எத்தனையோ பெண்கள் சிக்கிக்கொள்கிறார்கள்.

தயாரிப்பாளர் பெயரோ உரிம எண்ணோ அச்சிடாத வெள்ளையாக்கும் கிரீம்களும் சந்தையில் உண்டு. அவற்றில் பாதரசம் இருக்கக்கூடும். 2023-இல் கேரளத்தின் மலப்புரம் பகுதியில் அத்தகைய கிரீம்களைப் பயன்படுத்தியவர்களுக்குச் சிறுநீரக நோய் வந்ததை மருத்துவர்கள் கண்டறிந்தார்கள்.

சீரம் எதுவும் இப்போது வாங்க வேண்டாம். முகம் கழுவ மென்மையான ஒரு ஃபேஸ்வாஷ், ஒரு சாதாரண மாய்ஸ்சரைசர், எண்ணெய் வடியும் முகத்துக்கு ஏற்ற ஜெல் வகைச் சன்ஸ்க்ரீன் ஆகிய மூன்றும் போதும். எஸ்.பி.எஃப் (வெயில் தடுப்புத் திறனின் அளவு) 30 உள்ள சன்ஸ்க்ரீன், வெயிலில் தோலைச் சுடும் புறஊதா பி கதிர்களில் ஏறத்தாழ 97 விழுக்காட்டைத் தடுக்கும். 50 என்பது 98 விழுக்காடு. அந்த ஒரு விழுக்காட்டுக்காகக் கூடுதல் விலை தர வேண்டியதில்லை. ஆனால் சுட்டுவிரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி எடுத்து முகத்திலும் கழுத்திலும் பூசினால்தான் அந்தப் பலன் கிடைக்கும். எலுமிச்சைச் சாற்றைத் தடவிக்கொண்டு வெயிலில் போகாதீர்கள். தோல் வெந்து கருந்திட்டுகள் விழும்.

காந்திபுரம்வாசகி:

நூலும்ஊசியும் அக்கா சொன்னவற்றில் ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். நகரத்தில் தையற்கூலியும் லைனிங்கும் சேர்த்தால், தைத்த குர்த்தி ஆயத்த உடையின் விலையை எட்டிவிடுகிறது. உடல் அளவு ஆயத்த உடைக்குப் பொருந்துபவர்கள் ஆடித் தள்ளுபடியில் நல்ல தையல் உள்ளவற்றைத் தேர்ந்தெடுப்பதே சிக்கனம் என்பது என் கருத்து. துணியெடுத்துத் தைப்பதைப் பழைய சேலைகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். வெயிலுக்கு ஒரு நல்ல குடை வாங்குங்கள். ஒருமுறைச் செலவு, அடுத்த மழைக்காலத்துக்கும் ஆகும்.

கொங்குத்தோழி:

அனைவருக்கும் நன்றி. அம்மாவிடம் கேட்டதில் இரண்டு சேலைகள் இருப்பதாகச் சொன்னார். டியூபை எடுத்துப் பார்த்தேன். மொமெட்டசோன், ஹைட்ரோகுவினோன், டிரெடினாயின் என்று மூன்று பெயர்கள் இருக்கின்றன. சிவப்புக் கோடும் எச்சரிக்கையும் அச்சிட்டிருக்கிறார்கள். இன்றிரவே நிறுத்திவிடலாமா, அண்ணா? தனியார் தோல் மருத்துவரிடம் போனால் இந்த மாதத் தொகை முழுவதும் அதற்கே சரியாகிவிடும் என்று அஞ்சுகிறேன்.

மருந்தாளுநர்_கோவை:

நீங்கள் சொல்லும் மூன்றும் சேர்ந்த கலவை, மங்கு போன்ற குறைபாடுகளுக்கு மருத்துவர் மேற்பார்வையில் சில வாரங்கள் மட்டும் தரப்படுவது. மாதக்கணக்கில் பூசியதைத் திடீரென விட்டால் எரிச்சல் கடுமையாகலாம் என்பதால், எப்படி நிறுத்துவது என்பதை மருத்துவரே முடிவு செய்யட்டும். ஆனால் அவரைப் பார்ப்பதை அடுத்த மாதத்துக்குத் தள்ளாதீர்கள். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் நோய்ப் புறநோயாளிகள் பிரிவில் கட்டணம் இல்லை. காலையிலேயே சென்று சீட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்பதால் அலுவலகத்தில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிடுங்கள். டியூபைத் தூக்கி எறியாமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எத்தனை மாதமாக, எவ்வளவு பூசினீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். உங்கள் தோழியும் அதையே பூசிவருகிறார் என்றால் அவரையும் அழைத்துச் செல்லுங்கள்.