பொருள்: ஓர் இசைக்குழுவின் ‘சவுண்ட்’ – தமிழில் என்ன?

அன்புள்ள குழுவினருக்கு,

ஷெஃபீல்டு நகரத்து ராக் குழுவான ஆர்க்டிக் மங்கீஸ் 2022 அக்டோபரில் வெளியிட்ட ஏழாவது பாடல் தொகுப்பான ‘தி கார்’ பற்றிய கட்டுரையை மொழிபெயர்த்து வெள்ளிக்கிழமைக்குள் தர வேண்டும். குழுவின் ‘சவுண்ட்’ மாறிவிட்டது என்று அதில் பத்தி தவறாமல் வருகிறது. 2006-இல் முண்டியடித்து ஓடிய கிட்டார்கள் 2013-இல் ஹிப்ஹாப் தாளத்துக்கு நிதானமாக நடந்தன; முப்பதாவது பிறந்தநாளுக்குப் பரிசாக வந்த பியானோவில் குழுவின் பாடகர் அலெக்ஸ் டர்னர் பாட்டுக் கட்டத் தொடங்க, 2018-இல் கிட்டார்கள் பின்னுக்குப் போயின; இப்போது வயலின்கள் முன்னிற்கின்றன. ‘ஒலி மாறிவிட்டது’ என்றால் ஸ்பீக்கர் பழுதானதுபோல் இருக்கிறது. என்ன எழுதலாம்?

ஐயா,

‘வண்ணம்’ இருக்க வேறெதற்கு? தொல்காப்பியச் செய்யுளியல் ஓசைப்போக்கை இருபது வண்ணங்களாக வகுக்கிறது. அடியின் எல்லை கடந்து ஓடுவது முடுகு வண்ணம். டர்னர் மூச்சுவிடாமல் சொற்களைக் கொட்டிய முதல் தொகுப்பு அதுவே. இப்போதையது தூங்கல் வண்ணம். தூங்கல் உறக்கமன்று, அசைந்தாடுதல், யானைக்கும் அப்பெயருண்டு. ஆகவே இசைவண்ணம் எனலாம். (‘கார்’ என்றதும் முல்லைத் திணையின் பெரும்பொழுதான கார்காலம் என்றே முதலில் நினைத்தேன்.)

அன்புடையீர்,

யானையெல்லாம் சரி, ‘குழுவின் வண்ணம் மாறியது’ என்று படிக்கும் கல்லூரி மாணவர் சட்டையை மாற்றினார்கள் என்றல்லவா நினைப்பார்? மேலும் அந்த இருபதும் எழுத்தையும் சீரையும் தொடையையும் கொண்டு அமைந்தவை. ஒரே சுரத்தை நாதஸ்வரத்திலும் புல்லாங்குழலிலும் வாசித்தால் கேட்கும் வேறுபாடு அவற்றில் அடங்காது. அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்து ஸ்டுடியோவில் ராக் கலைஞர் ஜாஷ் ஹோமியோடு பதிவுசெய்த 2009 தொகுப்பில் கிட்டார் இருண்டு கனத்ததை எந்த வண்ணத்தில் சேர்ப்பீர்கள்? ‘ஒலிச்சாயல்’ என்போம், எவருக்கும் விளங்கும்.

ஐயா,

‘சாயல் மென்மை’ என்பது தொல்காப்பிய உரியியல். இருண்டு கனத்த கிட்டாருக்கா மென்மை? வழக்கிலும் சாயல் என்றால் ‘யாருடைய சாயல்?’ என்றுதான் கேட்பார்கள்.

அனைவருக்கும் நன்றி.

இசைவண்ணத்துக்கு நால்வர், ஒலிச்சாயலுக்கு இருவர், ‘சவுண்ட் என்றே விடுங்கள்’ என்று ஒருவர். அச்சொல் முதன்முறை வரும் இடத்தில் மட்டும் இசைவண்ணம் என்று எழுதிவிட்டு, மற்ற இடங்களில் கிட்டார் பின்வாங்கியது, வயலின் முன்வந்தது என வாக்கியத்தையே மாற்றி அனுப்பிவிட்டேன்.

அன்புடையீர்,

அப்படியானால் கலைச்சொல்லே தேவைப்படவில்லை போலும். ஒலிச்சாயலை நான் விடுவதாயில்லை.