நாணல் படுகையில் தண்ணீர் தேங்கியபோது

எங்கள் ஊரில் நாற்பது வீடுகள்தான். எல்லா வீட்டுக் கழிவுநீரும் பொதுவான ஒரு செப்டிக் டேங்குக்கு வரும். கனமானவை அடியில் படியும், எண்ணெய்ப் பிசுக்கு மேலே ஏடாக மிதக்கும். இடையில் உள்ள கலங்கல் நீர் மட்டும் ஜல்லி நிரப்பி நாணல் நட்ட படுகைக்குள் போகும். மூன்று ஆண்டுகள் ஒரு குறையும் இல்லை. நான்காம் ஆண்டு ஜல்லிக்கு மேலேயே தண்ணீர் நின்றது. கொசுவும் நாற்றமும் தாங்கவில்லை.

நாணல் வேர்தான் அடைத்துக்கொண்டது, பிடுங்கி எறியுங்கள் என்றார்கள் எல்லோரும். எனக்கு மனம் ஒப்பவில்லை. தண்ணீர் நுழையும் முனையில் மண்வெட்டியால் தோண்டிப் பார்த்தேன். ஒரு சாண் ஆழத்தில் ஜல்லி முழுவதும் கருங்களி. ஒரு கல்லை எடுத்தால் நாலு கல் சேர்ந்து வந்தன. பத்தடி தள்ளித் தோண்டினால், கழுவி வைத்ததுபோல் சுத்தமான கல், அதைச் சுற்றி வெள்ளை வேர்கள். பாவம், நாணல் மேல் ஒரு குற்றமும் இல்லை.

பிறகு நீண்ட கோல் ஒன்றில் வெள்ளைத் துணியைச் சுற்றித் தொட்டிக்குள் மேலிருந்தபடியே இறக்கினோம். துணியில் பாதி உயரத்துக்கு மேல் கறுப்பு ஏறியிருந்தது. மூன்றில் ஒரு பங்கு நிரம்பும்போதே கசடை எடுத்திருக்க வேண்டும். நான்கு ஆண்டுகளாக யாரும் எடுக்கவில்லை. அது இன்னாருடைய வேலை என்று ஊரில் யாருமே சொல்லி வைக்கவில்லை. கட்டி முடித்த அன்று தொட்டிக்குப் பூமாலை போட்டோம், அவ்வளவுதான். எனக்கு இன்னும் ஆறாத வருத்தம் இது.

லாரி வைத்துக் கசடை உறிஞ்சி எடுத்தோம். முனையில் இருந்த ஜல்லியை அள்ளி அலசித் திரும்பப் போட்டோம். அன்று மாலையே தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது. இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை கோல் இறங்குகிறது.

*

நான் வேறு ஊர்க்காரன். எங்கள் ஊரில் கழிவுநீரைச் சுத்தம் செய்வது மூன்று குளங்கள். நடுக்குளம் எப்போதும் பாசியால் பச்சையாக இருக்கும். அந்தப் பாசி பகலில் விடும் ஆக்சிஜனில்தான் கிருமிகள் கழிவைத் தின்கின்றன. ஒரு காலையில் பார்த்தால் நீர் இளஞ்சிவப்பாக மாறி, அழுகிய முட்டை வாடை வீசியது. தாங்கும் அளவுக்கு மேல் கழிவு வந்தால், கந்தகத்தில் வாழும் கிருமிகள் பெருகி இந்த நிறம் வரும். தேடிப் போனதில், ஒரு தொழுவத்தின் சாணிநீர் முழுவதும் எங்கள் வாய்க்காலில் கலந்திருந்தது. அதைத் திருப்பிவிட்ட பிறகு, சில வாரங்களில் பச்சை திரும்பியது. அந்தப் பச்சையைப் பார்த்து நான் அவ்வளவு மகிழ்வேன் என்று நினைத்ததே இல்லை.

*

நான் மூன்றாவது ஊர். இங்கே முதலில் நாணல் படுகை பற்றி எழுதியவர் மேலிருந்தே கோலை இறக்கியது மிகவும் சரி. எங்கள் ஊரில் அடைப்பு எடுக்க ஒருவர் தொட்டிக்குள் இறங்கினார். அவர் சரிந்ததைப் பார்த்து, தூக்கிவிட இன்னொருவர் குதித்தார். இருவருமே திரும்பவில்லை. தொட்டிக்குள் சேரும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு மிகுந்துவிட்டால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் இல்லையே என்று நம்பித்தான் முதலில் போனவர் இறங்கினார். அதன்பின் மூடிக்குப் பூட்டுப் போட்டோம். லாரி வந்து நின்றால்தான் சாவி வெளியே வரும்.