சுடப்படாத கோல்ட் பைத்தான்: துடைப்பதைவிடக் காத்து வைப்பதே பெரிது

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், ஆண்டின் பெரும்பகுதி புழுக்கமும் ஈரமுமாக இருக்கும் ஒரு பகுதியில் வசிக்கிறேன். எங்கள் தெருவில் இருந்த மூத்த சேகரிப்பாளர் ஒருவர் காலமான பின், அவர் பெட்டகத்தில் வைத்திருந்த இரண்டு கோல்ட் (Colt) பைத்தான் ரிவால்வர்களையும் பார்த்து, இனி எப்படிப் பாதுகாக்க வேண்டும் என்று சொல்லும்படி அவருடைய மனைவி என்னைக் கேட்டுக்கொண்டார். இரண்டும் விற்பனைக்கு வந்த பின் ஒருமுறைகூடச் சுடப்படாதவை. இரண்டும் ஒரே பெட்டகத்தில் பல ஆண்டுகள் இருந்தவை. ஆயினும் ஒன்றில் துரு ஏறியிருந்தது. மற்றொன்று நேற்று வாங்கியதுபோல் இருந்தது.

பைத்தானைக் கோல்ட் நிறுவனம் 1955இல் அறிமுகப்படுத்தியது. பாயிண்ட் 357 மேக்னம் தோட்டாவுக்காகச் செய்யப்பட்ட அந்த ரிவால்வருக்குச் சேகரிப்பாளர்களிடம் இன்றுவரை இருக்கும் மதிப்பில் பெரும்பங்கு, ‘ராயல் புளூ’ எனப்படும் அதன் ஆழ்ந்த நீல மெருகுக்கே உரியது. உருக்கைக் கண்ணாடிபோல் மெருகேற்றிய பிறகே அதற்கு நீலம் ஏற்றுவார்கள். பலரும் இதை வண்ணப்பூச்சு என்று எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் அது உருக்கின் மேற்பரப்பிலேயே உருவாக்கப்படும் மிக மெல்லிய இரும்பு ஆக்சைடு படலம், நுண்துளைகள் கொண்டது, தன்னளவில் துருவை அதிகம் தடுக்காது. அதன் மேல் நிற்கும் எண்ணெயோ மெழுகோதான் உருக்கைக் காக்கிறது.

கெட்டுப்போன ரிவால்வர் அழகான தோலுறை ஒன்றில் இருந்தது. உறையை விட்டு எடுத்து விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தபோது, உறை அழுந்தியிருந்த இடங்களில் மட்டும் மிளகுப்பொடி தூவியதுபோல் பழுப்புப் புள்ளிகள் தெரிந்தன. உறையின் பித்தளைக் குமிழ் தொட்டிருந்த இடத்தில் பச்சைக் களிம்பு ஒட்டியிருந்தது. அதைவிட என்னை வருத்தியது, தோட்டாக்களை இடும் சிலிண்டருக்கு மேலே இருந்த ஒரு கட்டைவிரல் ரேகை. என்றோ யாரோ வெறும் கையால் தொட்டுவிட்டுத் துடைக்காமல் வைத்திருக்கிறார்கள். வியர்வையின் உப்பு ரேகையின் ஒவ்வொரு கோட்டையும் நீலத்துக்குள் அரித்துப் பதித்திருந்தது. தோல் பதனிடும்போது சேரும் உப்புகளும் அமிலங்களும் தோலிலேயே தங்கிவிடுகின்றன. காற்றின் ஈரத்தையும் தோல் இழுத்து வைத்துக்கொள்கிறது. இடுப்பில் அணிந்து செல்வதற்குத்தான் உறை உகந்தது. நாள்கணக்கில் துப்பாக்கியை அதற்குள் வைத்திருக்கக் கூடாது.

நல்ல நிலையில் இருந்த ரிவால்வர், சிலிக்கோன் ஊட்டிய பின்னல் துணிப்பையில், தொழிற்சாலைப் பெட்டிக்கு வெளியே தனியாகக் கிடந்தது. பெட்டியும் கையேடும் வேறொரு தட்டில் இருந்தன. அந்த மனிதர் இதைத் தெரிந்தே செய்தாரா என்று சொல்ல வழியில்லை. ஆனால் அதைக் காப்பாற்றியது அந்த ஏற்பாடுதான்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். சுடப்படாதது என்று எவ்வளவு உறுதியாகச் சொல்லப்பட்டாலும், சிலிண்டரைத் திறந்து ஆறு அறைகளும் காலியாக இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே மற்ற வேலை. கைகளில் நைட்ரைல் கையுறை அணிந்துகொண்டேன். துருப்புள்ளிகள் மேல் மெல்லிய எண்ணெயைத் தடவி ஊறவிட்டு, மென்மையான பருத்தித் துணியால் ஒற்றி எடுத்தேன். பெயர்ந்து வந்தது போதும் என்று நிறுத்திக்கொண்டேன். துருநீக்கி மருந்துகளை இங்கே தொடவே கூடாது. துருவும் இரும்பு ஆக்சைடு, நீலமும் இரும்பு ஆக்சைடு; ஒன்றைக் கரைக்கும் அமிலம் மற்றொன்றையும் கரைத்துவிடும். பளபளப்பூட்டும் பசைகளும் நீலத்தைத் தேய்த்து எடுத்துவிடும். புதிதாக நீலம் ஏற்றித் தரலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள் என்று அந்த அம்மையாரிடம் வற்புறுத்திச் சொன்னேன். சில புள்ளிகளோடு இருக்கும் அசல் மெருகையே சேகரிப்பாளர்கள் பெரிதும் மதிப்பார்கள்.

சுடப்படாத ரிவால்வருக்கு ஆர்வத்தால் நேரும் சேதமும் உண்டு. துப்பாக்கியின் பின்புறமுள்ள சுத்தியலை இழுத்து இழுத்துப் பார்க்கும் ஒவ்வொரு முறையும், சிலிண்டரைப் பூட்டும் சிறு உருக்கு நாக்கு அதன் மேல் உராய்ந்து, சுற்றிலும் ஒரு கோட்டைப் பதிக்கிறது. அந்தக் கோடு இல்லாத பைத்தானுக்குச் சந்தையில் தனி மதிப்பு. ஆகவே திறந்த சிலிண்டரை மூடும்போது, அதிலுள்ள பள்ளம் ஒன்று நாக்குக்கு நேராக வரும்படி வைத்து, இரு கைகளாலும் மெல்ல மூட வேண்டும். திரைப்படங்களில் போல் மணிக்கட்டைச் சுழற்றி மூடினால் சிலிண்டரைத் தாங்கும் கை வளைந்துவிடும். தொழிற்சாலையிலேயே சோதனைக்காகச் சில தோட்டாக்கள் சுடப்பட்டிருக்கும் என்பதால், சிலிண்டரின் முகத்தில் மங்கிய கருமை இருப்பது இயல்பு. அதைச் சுரண்ட வேண்டாம். குழலுக்குள், நைலான் பூசிய கம்பிவடத்தில் எண்ணெய் தொட்ட துணித்துண்டைக் கோத்து, பின்புறத்திலிருந்து வாய்ப்புறமாக ஒருமுறை இழுத்தால் போதும். சுடாத குழலுக்கு அம்மோனியா கலந்த கரைப்பான் தேவையே இல்லை. நிக்கல் முலாம் பூசிய துப்பாக்கியில், அடியில் செம்புப் படலம் இருந்தால், முலாம் பெயர்ந்த இடம் வழியாக அது அந்தச் செம்பை அரித்துவிடக்கூடும்.

பலர் பார்க்கத் தவறும் இடம் மரக் கைப்பிடிக்கு அடிப்புறம். மரம் ஈரத்தைப் பிடித்து வைப்பதால் வெளியே குற்றமற்றதாகத் தெரியும் துப்பாக்கியிலும் அங்கே துரு இருக்கும். கைப்பிடியைக் கழற்ற, திருகின் வெட்டில் முழுமையாகப் பொருந்தும், பக்கங்கள் இணையாகச் செதுக்கிய திருப்புளி வேண்டும். சிதைந்த திருகுத் தலை விலையைக் குறைக்கும். ஆனால் உள்ளே இயங்கும் பாகங்களை மூடியிருக்கும் பக்கத் தகட்டைக் கழற்றாதீர்கள். எண்ணெய் மரத்தில் ஊறிக் கறுக்க வைக்கும் என்பதால், உலோகத்திலும் மரத்திலும் நான் தடவுவது ரினைசான்ஸ் மெழுகு. பிரிட்டிஷ் அருங்காட்சியக ஆய்வகத்தில் உருவான நுண்படிக மெழுகு இது. மிக மெல்லியதாகத் தடவி, காய்ந்ததும் துணியால் மெருகேற்றினால், பின்னர் பட்டுவிடும் விரலும் நேராக உருக்கைத் தொடாது.

பெட்டகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தீ தாங்கும் பெட்டகங்கள் பலவற்றின் சுவருக்குள் ஜிப்சம் பலகை இருக்கிறது. அதிலேயே நீர் அடங்கியிருப்பதால், மூடிய பெட்டகத்துக்குள் ஈரம் தேங்கலாம். ஆகவே ஓர் ஈரமானியை உள்ளே வைத்து, ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிறுத்துங்கள். அதற்கும் வெகுவாகக் கீழே இறங்கினால் மரம் சுருங்கி வெடிக்கும். காற்றைச் சூடாக்கும் மின்தண்டு பெரிய பெட்டகத்துக்கு ஏற்றது. சிறியதற்கு ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போதும், அதன் நிறம் மாறியதும் அடுப்பில் உலர்த்த மறக்கக் கூடாது. நுரை பதித்த கைப்பெட்டிகள் பயணத்துக்கு மட்டுமே. குளிர்ந்த இடத்திலிருந்து கொண்டுவந்த துப்பாக்கியை, பெட்டியோடு அறையின் வெப்பத்துக்கு வரவிட்ட பிறகே திறக்க வேண்டும். இல்லாவிட்டால் உருக்கின் மேல் நீர் வேர்த்துவிடும். பட்டுப்புடவையை அவ்வப்போது எடுத்து மடிப்பு மாற்றி வைப்பதுபோல், சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்துக் கையுறையோடு பார்த்து, மெழுகு மங்கியிருந்தால் மீண்டும் தடவிவிட்டுப் பூட்டி வையுங்கள். அசல் பெட்டியையும் தாள்களையும் அமிலமற்ற காகிதத்தில் சுற்றித் தனியே வையுங்கள். அவை இல்லாத பைத்தானின் விலை கணிசமாகக் குறைந்துவிடும்.