கனமான அக்விஃபரைத் தாண்ட வழி சொல்லுங்கள்

ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸ் (குள்ளர்களை வைத்துக் கோட்டை கட்டும் கணினி விளையாட்டு) ஆடுபவர்களே, ஒரு உதவி. என் கோட்டையில் மேலே மூன்று தளம் மண், அதன் கீழ் இரண்டு தளத்துக்கு அக்விஃபர், அதாவது தோண்டினால் நீர் ஊறும் நில அடுக்கு. கல், இரும்பு எல்லாம் அதற்கும் அடியில்தான். லேசான வகையாக இருந்தால் மெதுவாகத்தான் கசியும், தோண்டத் தோண்டச் சுவர் வைத்துவிடலாம். இது கனமான வகை. படிக்கட்டு வெட்டி முடிப்பதற்குள் குழி நிரம்பிவிடுகிறது. குளிரே இல்லாத பிரதேசம், அதனால் நீரை உறையவைத்து வெட்டும் வழி கிடையாது.

மிச்சம் இரண்டு. ஒன்று, ஸ்க்ரூ பம்பால் இறைத்தபடியே சுவர் கட்டுவது. மற்றொன்று, மேலுள்ள மண்ணைப் பெரிய கட்டியாகச் சரித்து அக்விஃபருக்குள் விழவைத்து, அதன் நடுவே தோண்டுவது. எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது (குள்ளர்களுக்குப் பிடிக்காது!). ஆனால் இரண்டு தள அக்விஃபருக்கு இந்த மூன்று தள மண் போதுமா? கட்டி எத்தனை கட்டம் அகலம் இருக்க வேண்டும்? பம்ப்தான் சரி என்றால், இறைக்கும் நீரை எங்கே விடுகிறீர்கள்?