மாடல் டி கார்பரேட்டருக்கு வரும் தகரக் குழாய் எதற்கு?

கேள்வி:
ஃபோர்டு மாடல் டி என்ற பழைய காரின் இன்ஜின் படம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிலிண்டர்களின் புகையை வெளியே கொண்டுபோகும் குழாயான மேனிஃபோல்டை ஒட்டி ஒரு தகரக் குழாய் கிளம்பி, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்பரேட்டரின் காற்று வாயில் போய்ச் சேர்கிறது. பெட்ரோல் பக்கத்தில் எதற்குச் சூடு? பயமாக இல்லையா?

பதில் 1:
புகை உள்ளே போவதில்லை. மேனிஃபோல்டின் வெளிப்புறத்தை உரசி வரும் சூடான காற்றுதான் போகிறது. பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். கையில் ஸ்பிரிட் தடவினால் சில்லென்று இருக்குமே, அதேதான். ஈரக்காற்று நாளில் கார்பரேட்டருக்குள் பனிக்கட்டியே பிடித்துவிடும். ஆவியாகாத பெட்ரோல் துளிகள் குழாய்ச் சுவரில் ஒட்டி வழியும்; சிலிண்டருக்குச் சீராகப் போகாது. இதையெல்லாம் தடுக்கத்தான் அந்தச் சூடான காற்று.

பதில் 2:
சரி, ஆனால் சூடு கூடினால் காற்று விரிந்து லேசாகிவிடும், இழுவை குறையும். அதனால் வெயில் காலத்தில் அந்தக் குழாயைக் கழற்றி வைப்பவர்கள் உண்டு. 1926-இல் வந்த ஹாலி வேப்பரைசர் என்ற கார்பரேட்டர் இன்னும் ஒரு படி மேல்: புகையின் சூட்டிலேயே எரிபொருளை ஆவியாக்கியது.

பதில் 3:
எங்கள் தோட்டத்து மண்ணெண்ணெய் பம்புசெட்டும் இந்த ரகம்தான், சூடு இருந்தால்தான் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகும். அப்பா பெட்ரோலில் கிளப்புவார், இன்ஜின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். எனக்கு அவசரம், முன்பே திருப்பிவிடுவேன். குபுகுபுவென்று வெள்ளைப் புகை, அப்புறம் அணைந்துவிடும். திட்டு தனி!

கேள்வி கேட்டவர்:
ஸ்பிரிட் உதாரணத்தில் பிடிபட்டுவிட்டது. நன்றி.