செம்பு, பித்தளைத் தகட்டை வீட்டில் வெட்ட முதலில் எந்தக் கருவியை வாங்கலாம்?

கேள்வி: செம்புத்தோடு (கோயம்புத்தூர்)

அனைவருக்கும் வணக்கம். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்துகொண்டு, பொழுதுபோக்காகச் செம்பிலும் பித்தளையிலும் தோடு, தொங்கட்டான், பதக்கம் முதலியவற்றைச் செய்து வருகிறேன். இதுவரை கம்பியை வளைத்துச் செய்யும் வேலைகள் மட்டுமே. இப்போது தகட்டில் இலை, மாங்காய், பிறை போன்ற வடிவங்களை வெட்டி எடுக்க விரும்புகிறேன். பாத்திரக் கடையொன்றில் 24 கேஜ் (கேஜ் என்பது தகட்டின் கனத்தைக் குறிக்கும் எண்) செம்புத் தகட்டை எடைக்கு வாங்கி வந்து, வீட்டிலிருந்த தகரக் கத்தரியால் வெட்டிப் பார்த்தேன். வெட்டிய ஓரம் சுருண்டுகொள்கிறது. மாங்காயின் உள்வளைவில் கத்தரி திரும்ப மறுக்கிறது. விளிம்பு முழுவதும் பல்தடம் விழுவதால், அதை அரத்தால் தேய்த்து முடிப்பதற்குள் வடிவமே சிறுத்துவிடுகிறது.

மொத்தம் 2000 ரூபாய் வரை செலவிட முடியும். கைரம்பம், வட்டம் வெட்டும் அச்சு, மின்சார ரோட்டரி டூல் என்று இணையத்தில் ஆளுக்கொன்றைப் பரிந்துரைக்கிறார்கள். இவற்றில் முதலில் எதை வாங்குவது? கீழ்வீட்டில் கைக்குழந்தை இருப்பதால் அதிகச் சத்தம் எழுப்பவும் இயலாது. பிற்பாடு வெள்ளித் தகட்டிலும் வேலை செய்யும் எண்ணம் உண்டு.

மறுமொழி: பட்டடை (மதுரை)

வணக்கம் அம்மா. எங்கள் குடும்பத்தில் தெற்கு ஆவணி மூல வீதிப் பட்டறைகளில் பல்லாண்டு வேலை பார்த்தவர்கள் உண்டு. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். நீங்கள் சொல்லும் வடிவங்களுக்கு நகை வேலைக்கான கைரம்பம் ஒன்றுதான் பொருந்தும். கத்தரி தகட்டை இரு அலகுகளுக்கிடையே நசுக்கிப் பிரிப்பதால் ஓரம் வளைந்தே தீரும். ரம்பமோ தன் கனத்துக்கு மட்டும் உலோகத்தைத் தூளாக்கி எடுத்துவிடுவதால், இருபுறமும் தகடு தட்டையாகவே இருக்கும். மாங்காயின் உள்ளே இன்னொரு மாங்காய் வேண்டுமென்றாலும், சிறு துளையிட்டுப் பிளேடை அதில் நுழைத்துச் சட்டத்தில் மாட்டி அறுத்துக்கொள்ளலாம். சத்தமும் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது.

சட்டத்தில் பெரிய பணத்தைப் போடாதீர்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண இரும்புச் சட்டமே போதும். ஆனால் கடையிலேயே இரண்டு விஷயங்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பிளேடைக் கவ்வும் மேல் தாடையும் கீழ்த் தாடையும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். திருகை இறுக்கும்போது தாடைகள் இடைவெளியின்றித் தட்டையாகப் பொருந்த வேண்டும். சட்டத்தின் ஆழம் 3 அங்குல அளவில் இருந்தால் தோடு, பதக்க வேலைகளுக்குத் தாராளம். ஆழம் கூடக் கூட முன்பாரம் ஏறி, கை தள்ளாடும்.

பணத்தைப் போட வேண்டிய இடம் பிளேடு. பெயர் இல்லாத மலிவுப் பிளேடுகளில் பற்கள் ஒழுங்காக அமைவதில்லை. கோடு ஒருபக்கமாக இழுக்கும், புதிதாகக் கற்பவர் தம் கைதான் சரியில்லை என்று நினைத்து ஓய்ந்துவிடுவார். சுவிட்சர்லாந்து அல்லது ஜெர்மனித் தயாரிப்பை டஜன் கணக்கில் வாங்குங்கள். எண் முறையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்: 2/0, 4/0, 6/0 என்று முன்எண் ஏற ஏறப் பிளேடு மெலியும். 2/0 ஏறத்தாழ 0.26 மி.மீ. கனம், 4/0 ஏறத்தாழ 0.22 மி.மீ. கனம். அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும் உங்கள் தகட்டுக்கு 4/0 சரியானது. அதைவிடப் பெரிய பல்லில் தகட்டின் ஓரம் இரு பற்களுக்கு நடுவே சிக்கிப் பிளேடு ஒடியும். கை பழகும் வரை சற்றுத் தடித்த பித்தளைத் துண்டில் 2/0 போட்டு நேர்கோடுகளை அறுத்துப் பழகுங்கள்.

பிளேடை மாட்டும்போது பற்கள் சட்டத்துக்கு வெளிப்புறமாகவும் கைப்பிடியை நோக்கிக் கீழ்முகமாகவும் இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாவிட்டால் விரல்நுனியை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் மெல்ல ஓட்டிப் பாருங்கள். கைப்பிடியிலிருந்து மேல்நோக்கி வருகையில் சொரசொரப்பாகக் கீறினால் சரியாக மாட்டியிருக்கிறீர்கள். ஒரு முனையை இறுக்கிய பின் சட்டத்தை மேசைக்கும் நெஞ்சுக்கும் இடையே வைத்து லேசாக அழுத்தி, மறுமுனையை இறுக்கிவிட்டுக் கையை விடுங்கள். பிளேடை நகத்தால் தட்டினால் வீணைத் தந்திபோல் 'டிங்' என்று ஒலிக்க வேண்டும்; மொத்தென்று ஒலித்தால் இழுவை போதவில்லை. ஒடியும் பிளேடுகளில் பாதி இந்தத் தொய்வால் ஒடிபவைதாம்.

மேசை விளிம்பில் வி வடிவ வெட்டுள்ள ஒரு மரப்பலகையைச் சி கிளாம்ப்பால் பொருத்திக்கொண்டு, வெட்டும் இடம் அந்த வெட்டின் மேல் வரும்படி தகட்டை அழுத்திப் பிடியுங்கள். ரம்பத்தைச் செங்குத்தாக, பிளேடின் முழு நீளமும் பயன்படும்படி ஏற்றி இறக்குங்கள். முன்னால் தள்ள வேண்டியதில்லை, இறங்கும்போது பல்லே வெட்டிக்கொள்ளும். மூலை வந்தால் முன்னேறாமல் நின்ற இடத்திலேயே மேலும் கீழும் அசைத்தபடி, ரம்பத்தை அல்ல, தகட்டை மெல்லத் திருப்புங்கள். பிளேடின் முதுகில் அவ்வப்போது தேன்மெழுகோ மெழுகுவத்தியோ தடவினால் ஓட்டம் சீராகும். பல்லில் அப்பிவிட்டால் தூள் அடைத்துக்கொள்ளும்.

செம்பைப் பழுக்கக் காய்ச்சி நீரில் தோய்த்து மென்மையாக்கிவிட்டு அறுக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். கத்தரிக்கு அது உதவும், ரம்பத்துக்கு உதவாது. மென்மையான செம்பு பற்களில் ஒட்டிப் பிடிக்கும். கடையிலிருந்து வந்த கெட்டித் தகட்டிலேயே அறுத்து முடித்துவிட்டு, குழிவு கொடுக்கவோ வளைக்கவோ வேண்டியிருந்தால் அதன்பின் காய்ச்சிக்கொள்ளுங்கள்.

சட்டம், இரண்டு டஜன் பிளேடு, மரப்பலகை, கிளாம்ப், ஊசி அரங்கள் ஒரு தொகுதி ஆகிய யாவும் உங்கள் தொகைக்குள் அடங்கிவிடும்.

மறுமொழி: வில்லை (சென்னை)

ரம்பம் முதலில் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் ஒரே அளவு வட்டங்களை வரிசையாக வெட்ட வேண்டிய வேலையை ரம்பத்தில் செய்வது வீண் பாடு. நான் சலங்கை போல வில்லைகள் தொங்கும் காதணிகளை அதிகம் செய்கிறேன். அதற்கு வட்ட அச்சுதான் கை கொடுக்கிறது. பல அளவுத் துளைகள் கொண்ட எஃகுக் கட்டையின் இடுக்கில் தகட்டைச் செருகி, அந்தத் துளைக்குரிய உருளை உளியை மேலிருந்து இறக்கி ஓங்கி அடித்தால், வில்லை அடியில் விழும். மலிவான அச்சுகளில் துளைக்கும் உளிக்கும் இடையே ஆட்டம் இருக்கும், அதனால் வில்லையின் ஓரத்தில் பிசிறு வரும். ஆனால் உப்புத்தாளில் நான்கு தேய்ப்பில் போய்விடும் குறை அது. உளிகள் பதமேற்றிய எஃகு என்பதால் இரும்புச் சுத்தியலால் அடிக்கக் கூடாது. பித்தளைச் சுத்தியல் வேண்டும். இரும்புத் தகட்டையோ எவர்சில்வரையோ அதில் வெட்ட முயலவும் கூடாது.

உங்களுக்கு இரண்டு தடைகள். ஒன்று விலை, சாதாரண அச்சே உங்கள் தொகையில் பெரும்பகுதியை விழுங்கும். மற்றது சத்தம். ஆனால் சத்தத்துக்கு வழி உண்டு: சுத்தியலுக்குப் பதிலாகப் பெஞ்ச் வைஸின் (மேசையில் பொருத்தும் திருகுப்பிடி) தாடைகளுக்கிடையே அச்சையும் உளியையும் வைத்துத் திருகலாம். அரை மில்லிமீட்டர்ச் செம்பில் 10 மி.மீ. வட்டம் ஒன்றை அறுத்துத் தள்ள ஏறத்தாழ 250 கிலோ எடைக்கு நிகரான அழுத்தம் போதும். நல்ல 4 அங்குல வைஸ் அதை எளிதில் தரும். வில்லை விழுவதற்கு மட்டும் அச்சின் அடியில் இடம் விட்டுக்கொள்ளுங்கள்.

ரோட்டரி டூலைத் தகடு வெட்ட வாங்காதீர்கள். அதன் வெட்டுவட்டு நேர்கோட்டில்தான் போகும், தகடு சூடேறும், மெல்லிய வட்டு உடைந்தால் துண்டுகள் கண்ணை நோக்கிப் பறக்கும். மெருகேற்றவும் துளையிடவும் பிற்காலத்தில் பயன்படும், அவ்வளவுதான்.

மறுமொழி: இரும்புக்கடை (திருச்சி)

கேஜ் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் இதைச் சேர்க்கிறேன். நம் ஊர்க் கடைகளில் 24 கேஜ் என்றால் பெரும்பாலும் பிரிட்டிஷ் அளவுமுறைப்படி 0.56 மி.மீ.; அமெரிக்கக் காணொளிகளில் செம்பு, வெள்ளித் தகட்டுக்கு அதே எண் 0.51 மி.மீ. மெல்லிய தகட்டில் இந்த வேறுபாடு பொருட்டல்ல. தடித்த தகட்டில் 18 கேஜ் என்பது இங்கே 1.22 மி.மீ., அங்கே 1.02 மி.மீ. '18 கேஜ் வரை வெட்டும்' என்று வெளிநாட்டு அச்சின் பெட்டியில் போட்டிருப்பதை நம்பி நம் ஊர் 18 கேஜைச் செருகினால், இடுக்கிலேயே நுழையாமல் போகலாம். கடையில் எண்ணைக் கேட்காமல் மில்லிமீட்டரில் கேளுங்கள். கூடுமானால் கனத்தை அளக்கும் ஒரு சிறு வெர்னியர் அளவுகோலால் அளந்து வாங்குங்கள். எடையைச் சரிபார்க்கவும் இது உதவும்: 10 செ.மீ. சதுரமுள்ள 0.56 மி.மீ. செம்புத் தகடு 50 கிராம் இருக்கும், பித்தளையானால் 47 அல்லது 48.

கத்தரியைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். பெரிய தகட்டிலிருந்து கைக்கடக்கமான துண்டை எடுக்க அதுதான் வேகமானது. வரைந்த கோட்டிலிருந்து 3 மி.மீ. தள்ளி வெட்டி, மீதியை ரம்பத்துக்கு விடுங்கள். அலகுகளை நுனிவரை மூடாமல், முக்கால் பங்கு மூடியதும் திறந்து முன்னேறினால், ஒவ்வொரு கடியின் முடிவிலும் விழும் சிறு கீறல் வராது. சிவப்பு, பச்சை, மஞ்சள் கைப்பிடியுள்ள ஏவியேஷன் கத்தரிகள் கூரைத் தகடு, ஏசி குழாய் வேலைக்கானவை; சிவப்பு இடப்பக்க வளைவுக்கும், பச்சை வலப்பக்க வளைவுக்கும், மஞ்சள் நேர்வெட்டுக்கும் உரியது. அவற்றின் அலகில் பல் இருப்பதுதான் உங்கள் விளிம்பில் பதியும் தடத்துக்குக் காரணம். மாற்றுவதாக இருந்தால், பற்றவைக்கும் பொடியை வெட்டப் பத்தர்கள் (நகை செய்பவர்கள்) வைத்திருக்கும் பல்லில்லாத சிறு கத்தரியைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று: விலை குறைவு என்பதற்காகத் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகட்டில் பழகி, பிறகு அதைப் பற்றவைக்கவும் செய்யாதீர்கள். சூட்டில் கிளம்பும் துத்தநாகப் புகை காய்ச்சலையும் குளிர்நடுக்கத்தையும் தரும்.

செம்புத்தோடு:

மூவருக்கும் நன்றி. ரம்பத்தையே முதலில் வாங்குகிறேன். இரண்டு ஐயங்கள் மட்டும்: காகிதத்தில் வரைந்த வடிவத்தைத் தகட்டில் எப்படிப் பதிப்பது? வெள்ளிக்கு மாறும்போது ரம்பத்தால் சேதாரம் அதிகமாகுமா?

பட்டடை:

காகிதத்தை அப்படியே பசையால் தகட்டில் ஒட்டிவிடுங்கள் அம்மா. அதற்கு முன் தகட்டைச் சோப்பால் கழுவி எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கி, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் காகிதம் பெயராது. கோட்டின் மேலேயே அறுக்காமல் அதன் வெளிப்புறத்தை ஒட்டி அறுத்தால், அரத்துக்குக் கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

சேதாரம் பயப்படும் அளவுக்கு இல்லை. 0.8 மி.மீ. வெள்ளித் தகட்டில் 2/0 பிளேடால் 10 செ.மீ. நீளம் அறுத்தால் ஏறத்தாழ 0.2 கிராம்தான் தூளாகும். அதுவும் எங்கும் போய்விடாது. பலகைக்கு அடியில், மடிக்கு மேலாக ஒரு தோலையோ தடித்த துணியையோ தொட்டில்போலக் கட்டிவிட்டால் தூளும் துண்டும் அதில் விழும். சேர்ந்ததை உருக்கிக்கொள்ளலாம், கடையில் எடைக்கும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் செம்பு, பித்தளைத் தூளோடு கலந்துவிட்டால் மாற்று (வெள்ளியின் தூய்மை) குறைந்துபோகும் என்பதால், வெள்ளி வேலைக்கு உட்காருவதற்கு முன் பலகையையும் தோலையும் தூரிகையால் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். அலுமினியத்தையும் ஈயத்தையும் அந்த மேசைப் பக்கமே கொண்டுவர வேண்டாம்; அவற்றின் துகள் ஒட்டிய வெள்ளியைச் சூடாக்கினால் அந்த இடம் அரித்துக் குழி விழும். அரங்களையும் வெள்ளிக்கென்று தனியே வைத்துக்கொள்ளுங்கள்.